சுபாசின் வலது கை

டொக்டர் நிஷானி சுபாசின் வலது கையை மணிக்கட்டில் பிடித்து, ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, பிடியை விட்டார். கை பொத்தென்று விரிப்பில் விழுந்தது. விழுந்த கோணத்திலேயே கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் பாதி மடங்கியபடி. கட்டிலின் கால்மாட்டில் நின்று அவனுடைய மனைவி சிவகௌரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. பதின்மூன்று வருசமாக அந்தக் கை மேலே எழும்பும் நேரங்களிலெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்ற உடம்பு, அன்றைக்கு நேராக நின்றது. சந்தோசமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பக்கத்தில் நின்ற தாதி, பாவம், அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டாள்.

அவள் அந்தக் கட்டிலடிக்கு வருவதாகவே இருக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மகள் நிவேதனாவையும் இரண்டு உடுப்புப் பையையும் கொண்டு நீர்வேலியிலிருந்து வெளிக்கிட்டு, உடுப்பிட்டியில் இருக்கும் தமையன் கோகுலன் வீட்டுக்குப் போனவள், அதற்குப் பிறகு சுபாசின் முகத்தைக் கண்டதில்லை. கரவெட்டிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. காலையில் போய், பின்னேரம் வந்து, மகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளைப் பார்த்து, அப்படியே நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. சுபாசின் அக்கா உதயகலா. எட்டு மாதத்தில் முதல் தடவை. தம்பிக்குக் கைகால் ஏலாது, மூச்சும் ஏலாது, மிசின் வைத்திருக்கிறார்கள், தொண்டையில் துளை போடக் கையெழுத்துக் கேட்கிறார்கள், தனக்குக் கை நடுங்குகிறது, மனுசியைக் கூப்பிடுங்கோ என்று வாட்டில் சொல்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்காமலே தொடர்பைத் துண்டித்தாள்.

சுபாசை வெளியில் தெரிந்தவர்கள் எவரும் அவனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டார்கள். நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு லொறி ஓடுகிறவன். குடிப்பதில்லை. கோயில் திருவிழாவென்றால் பந்தல் கட்டுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரைக்கும் முன்னுக்கு நிற்பான். தெருவில் ஆருடைய மோட்டார்சைக்கிள் நின்றுபோனாலும் இறங்கித் தள்ளிவிடுவான். வீட்டுக்குள் அந்த வலது கை வேறு ஆளுடையது. கறியில் உப்புக் கூடினால், கைத்தொலைபேசியை இரண்டாம் தடவை அடித்தபிறகு எடுத்தால், அவன் கதைக்கும்போது அவள் வேறு பக்கம் பார்த்தால் அது எழும்பும். அடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வருவான். கடைசியாக ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம் விழுந்த அடியில் அவளுடைய இடது காதுக்குள்ளிருந்து இரத்தம் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டிஸ்பென்சரியில் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் அவளுக்குக் கேட்கிறது. அடுத்த நாள் வாசல் படலையைத் தாண்டும்போது, அந்த வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக, தெரு கேட்கச் சத்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதைத்தான் உதயகலா ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துக் கேட்டாள். அவள் சுபாசைவிடப் பத்து வயது மூத்தவள். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். புருசனை இழந்தபிறகு தம்பியின் வீட்டிலேயே இருந்தவள். சிவகௌரி கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வர, வாங்கிலிருந்து எழும்பி முன்னால் வந்து நின்றாள்.

"போகேக்கை படலையிலை நிண்டு என்ன சொன்னனீ? உந்தக் கை விளங்காமப் போக எண்டு சொன்னனியெல்லே. இப்ப போய்ப் பார். விளங்காமப் போய்க் கிடக்கு. சந்தோசமோ?"

சிவகௌரிக்கு ஓமென்று சொல்ல வாய் வந்தது. உதயகலா விடவில்லை. எங்கே போய் என்ன சூனியம் செய்வித்தாய், ஆரிட்டைக் காசு குடுத்தாய், சாப்பாட்டுக்குள் எதைக் குடுத்துவிட்டாய் என்று அவளுடைய குரல் ஏறிக்கொண்டே போனது. விறாந்தையில் இருந்த மற்ற நோயாளிகளின் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் நிஷானி உள்ளேயிருந்து வந்து, இரண்டு பேரையும் ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். முப்பது வயதைத் தாண்டியிராத, மெல்லிய, நிதானமான பெண். சூனியத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சுபாசுக்கு இரண்டு கிழமைக்கு முதல் வயிற்றோட்டம் வந்ததா என்று கேட்டார். வந்தது. தம்புள்ளையில் ஏதோ ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்று நாள் கிடந்தவன். பிறகு எழும்பி ஒரு கிழமை நல்லாகத்தான் லொறி ஓடினான். அதற்குப் பிறகுதான் காலில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றான், செருப்புக் கழன்றது தெரியாமல் நடந்தான், லொறியில் ஏறக் காலைத் தூக்க ஏலாமல் நின்றான், கிணற்றடியில் விழுந்தான். நாலாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை.

"வயித்துக்கை வந்த கிருமியை அடிக்கிறதுக்கு உடம்பு தன்ரை காவல் செல்லுகளை அனுப்பினது. அந்தக் கிருமியின்ரை மேல்தோலும் எங்கடை நரம்பைச் சுத்தியிருக்கிற உறையும் பாக்கிறதுக்குக் கொஞ்சம் ஒரே மாதிரி. கிருமி செத்தாப்பிறகும் செல்லுகள் நிப்பாட்டேல்லை. நரம்பின்ரை உறையை உரிச்சுக்கொண்டு போகுதுகள். காலிலை துவங்கி மேலை மேலை வந்திட்டுது. உறை இல்லாத நரம்பாலை சேதி போகாது. அதுதான் கை விழுகுது." டொக்டர் ஒவ்வொரு சொல்லாக, இருவரையும் மாறிமாறிப் பார்த்துச் சொன்னார்.

கிருமி எல்லாருக்கும்தானே வருகிறது, எல்லாரும் இப்படியா கிடக்கிறார்கள் என்று உதயகலா கேட்டாள். லட்சத்தில் ஒருவர் இருவருக்கு இப்படி வரும், ஏன் இவருக்கு வந்தது என்று தனக்குத் தெரியாது என்றார் டொக்டர். அந்த நேர்மை உதயகலாவுக்குப் போதாமல் இருந்தது. தெரியாது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சிவகௌரியைத்தான் பார்த்தாள்.

சிவகௌரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கை திரும்பி வருமோ, டொக்டர்?"

டொக்டரின் முகம் இளகியது. "வரும், அக்கா. உறை திரும்ப வளரும். அஞ்சு நாளைக்கு இம்யூனோகுளோபுளின் ஏத்துறம், செல்லுகளை அடக்குறதுக்கு. மாசக்கணக்கிலை செல்லும். ஆனா இவருக்கு வரும் எண்டுதான் நினைக்கிறன். யோசியாதேங்கோ."

அவள் யோசித்துக்கொண்டுதான் பஸ்ஸில் வல்லை வெளி தாண்டி உடுப்பிட்டி வீட்டுக்குப் போனாள்.

கையெழுத்தோடு அவளுடைய வேலை முடிந்திருக்கவேண்டும். அடுத்த நாள் காலை சங்கக்கடைக்குப் போய்க் கதவைத் திறந்து, தராசைத் துடைத்துவிட்டு, பிறகு அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஏன் என்று கேட்ட கோகுலனுக்கு, சட்டப்படி இன்னும் மனுசிதானே என்றாள். கோகுலனுக்கு அது பிடித்துப்போனது. தங்கச்சி பிள்ளையோடு தன் வீட்டில் எவ்வளவு காலம் இருப்பாள் என்ற கேள்வி அவனுக்கும் அவன் மனுசிக்கும் நடுவில் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

உண்மையில் அவளை இழுத்தது டொக்டர் போகிற போக்கில் சொன்ன ஒரு வசனம். இந்த நோய் மூளையைத் தொடுவதில்லை. ஆளுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும், எல்லாம் நோகும். பதில் சொல்லத்தான் ஏலாது. ஆனபடியால் பக்கத்தில் இருந்து கதையுங்கோ.

பிசியோ செய்யும் டிலான் என்ற பெடியன், கண் மட்டும் அசைகிறது என்று கண்டு ஒரு வழி செய்து வைத்திருந்தான். ஓமென்றால் கண்ணை மேலே உயர்த்தவேண்டும், இல்லையென்றால் மூடவேண்டும். தலைமாட்டில் ஒரு கடதாசியில் அதை எழுதி ஒட்டியிருந்தான். சிவகௌரி கதிரையை இழுத்து சுபாசின் காதுக்குக் கிட்ட இருந்தாள். சவர்க்காரமும் மருந்தும் கலந்த மணம். முகம் வழித்தெடுத்ததுபோல ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தது. நெற்றி சுளிக்க முடியாத முகம். கழுத்துத் துளையிலிருந்து குழாய் மிசினுக்குப் போனது. மிசின் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய கண் அவளைக் கண்டுகொண்டது. அவள் சுற்றிவரப் பார்த்தாள். தாதி மற்றக் கட்டிலடியில் நின்றாள்.

"சுபாஸ். நான் கௌரி."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சாருங்கோ, நீங்கள், உங்களுக்கு. அதற்குள்ளேயே பதின்மூன்று வருசம் போயிருந்தது.

"உனக்கு எல்லாம் கேக்குதெண்டு டொக்டர் சொன்னவா. நல்லது. நான் கதைக்கிறன். நீ கேள்."

அன்றைக்குத் தொடங்கினாள். பார்வையாளர் நேரம் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலமும் குரலை உயர்த்தாமல், கோபப்படாமல், ஒரு சம்பவத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை சொல்வாள். அன்றைக்கு என்ன கறி வைத்தாள், அவன் என்ன சேட் போட்டிருந்தான், எந்தச் சுவரோடு அவள் போய் முட்டினாள், பிள்ளை எங்கே நின்றது. நிவேதனாவுக்கு நாலு வயதில் காய்ச்சல் கொதித்தபோது அவனிடம் கேட்காமல் டொக்டரிடம் கொண்டுபோனதற்காகச் சாப்பாட்டுக் கோப்பை பறந்ததையும், பிள்ளை மேசைக்குக் கீழே இருந்து இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டதையும் சொன்னாள். அடி விழும் நேரங்களில் உதயகலா குசினிக்குள் போய் ரேடியோவைக் கூட்டி வைப்பதைச் சொன்னாள். எந்தப் பாட்டுப் போனது என்பதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் மறந்திருப்பான் என்று நினைத்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவனால் எழும்பிப் போக முடியாது. வாயைப் பொத்தடி என்று சொல்ல முடியாது. தலையைத் திருப்பவும் முடியாது. கண்ணை மூடினான். மூடினாலும் காது திறந்துதானே இருந்தது. தாதிமார் தூரத்தில் நின்று பார்த்து, இப்படி ஒரு மனுசி கிடைக்கக் கொடுத்துவைக்கவேண்டும் என்று தங்களுக்குள் கதைத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தவுடன் அவனுடைய இதயத் துடிப்பு ஏறுவதை தாதிமாரில் ஒரு மிஸ்ஸி சிரித்துக்கொண்டே காட்டினாள். உங்களைக் கண்டால் ஐயாவுக்குச் சந்தோசம் என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பசித்தது. நல்ல நித்திரை வந்தது. கன காலத்துக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. இதில் பாவம் ஏதும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காதின் கதைக்கு வந்தாள். அந்த மத்தியானத்தைச் சொல்லிக்கொண்டு போய், இரத்தம் சட்டைக் கழுத்தில் இறங்கிய இடத்தில் நிறுத்தி, முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள். "ஞாபகம் இருக்கோ?" அவன் கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. அவளையே பார்த்தது. திடீரென்று மிசின் கீச்சிட்டது. துடிப்பு நூற்றறுபதுக்கு ஏறி, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே நாற்பதுக்கும் கீழே விழுந்தது. முகம் பழுத்துச் சிவந்து, பிறகு சாம்பல் நிறமானது. தாதிமார் ஓடிவந்தார்கள். திரையை இழுத்து மூடினார்கள். அவளை வெளியே போகச் சொன்னார்கள்.

அரை மணித்தியாலம் கழித்து டொக்டர் நிஷானி அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். இப்போது பரவாயில்லை என்றார். இதயத்தை ஆளும் நரம்பிலும் அந்தச் செல்கள் கை வைத்திருக்கின்றன, அதனால் மற்ற ஆட்களுக்கு ஒன்றுமில்லாத ஒரு பதட்டம்கூட இவருடைய இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்றார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன கதைக்கிறனீங்கள் அவரோடை?"

"வீட்டுக் கதை."

டொக்டர் தலையாட்டினார். "உங்கடை இடக் காது கேக்கிறேல்லை, என்ன? நான் அந்தப் பக்கம் நிண்டு கதைச்சா நீங்கள் முழுசாத் திரும்புறியள்."

"விழுந்தனான், டொக்டர்."

டொக்டர் அதற்கு மேலே கேட்கவில்லை. காதுக்கு வேறு ஒரு கிளினிக் இருக்கிறது, கடிதம் தரட்டுமா என்றார். வேண்டாம் என்றாள் சிவகௌரி. கதவடிக்குப் போனவளை டொக்டர் திரும்பக் கூப்பிட்டார். "அக்கா, அவர் செத்தா அவரோடை எல்லாம் முடிஞ்சிடும் எண்டு நினைக்கிறியளோ?" குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல இருந்தது. சிவகௌரி கதவைத் திறந்து வெளியே வந்தாள். விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உதயகலாவைத் தவிர ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். நாளைக்கும் வரலாம், மற்ற நாளும் வரலாம். அந்த வலு தன் நாக்கில் இருக்கிறது என்பது, அவனுக்குத் தன் கை எப்படி இருந்திருக்குமோ அப்படி, அவளுக்கு ஒரு கணம் தித்தித்தது. பிறகு வாய் கசந்தது. பைப்படியில் போய் வாயைக் கொப்பளித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. போனாள், இருந்தாள், வந்தாள். அவன் கண் ஒவ்வொரு நாளும் அவளைத் தேடிப் பிடித்து, தொடங்கப்போகிறாளா என்று பார்த்தபடி இருக்கும். அவள் யன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

டிலானுக்குக் கையும் நேரமும் காணாது. விரல்கள் இறுகிப்போகாமல் இருக்க நாளுக்கு நாலு தடவை மடக்கி நீட்டவேண்டும், வீட்டுக்காரர் பழகினால் நல்லது என்று சொல்லி, அவளுக்குச் செய்துகாட்டினான். ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மெதுவாக மடக்கி, பத்து எண்ணி, மெதுவாக விடவேண்டும். உறை உரிந்த நரம்பு தொட்டாலே நோகும், அதனால் பார்த்துச் செய்யுங்கோ என்றான். இடது கையை அவள் செய்துவிட்டாள். வலது கையைத் தொட முதல் இரண்டு நாள் மனம் வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்து மடியில் வைத்தாள். ஸ்டியரிங் பிடித்துத் தடித்த தோல் உரிந்து, குழந்தையின் தோல்போலப் புதிதாக இருந்தது. சதை வற்றி எலும்பு தெரிந்தது. நகம் வளர்ந்திருந்தது, வெட்டினாள். இவ்வளவுதானா இந்தக் கை என்று இருந்தது. எடை பார்க்கிறவளுக்குத் தெரியும், முக்கால் கிலோவும் வராது.

சுட்டுவிரலை மடக்கினாள். போதுமான அளவுக்கு மடங்கிய பிறகும் விடாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சுபாசின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. முகத்தில் ஒரு சின்ன அசைவும் இல்லை. தண்ணீர் மட்டும் தன்பாட்டில் வந்தது. அவள் அதைப் பார்த்தபடியே எண்ணினாள். நாலு, ஐந்து, ஆறு. பத்து வரைக்கும் எண்ணி முடித்துத்தான் விட்டாள். பிறகு எழும்பிப் போய்க் கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். நுரைக்குள் தன் இரண்டு கையையும் கண்டபோது அவளுக்குப் பொறுக்க முடியவில்லை. ஈரக்கையோடு அப்படியே பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

அன்று பின்னேரம் நிவேதனா வீட்டுப்பாடம் செய்யாமல் வாசற்படியில் இருந்தாள். அப்பாவுக்கு எப்படி என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறவள், அன்றைக்கு வேறொன்று கேட்டாள்.

"அப்பாவுக்குச் சுகம் வந்தா நாங்கள் திரும்பிப் போகோணுமோ?"

போகவேணுமென்று ஆர் சொன்னது என்று சிவகௌரி கேட்டாள். கோகுலன் மாமா சொன்னாராம். உதயகலா மாமியும் போன் எடுத்துச் சொன்னாவாம்; உன்ரை அறைக்குப் புது மெத்தை வாங்கி வைத்திருக்கிறேன் என்று. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தது. அப்பா சாகக்கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னது.

அடுத்த கிழமை உதயகலா விறாந்தையில் அவளுக்காகக் காத்திருந்தாள். நீரிழிவால் கால் வீங்கி, அவளால் அடிக்கடி வர முடிவதில்லை. வந்தாலும் குழாய்களைப் பார்த்துவிட்டு மயங்கிப்போவாள். அன்றைக்கு ஒரு போத்தலில் சுடச்சுடக் கோப்பி கொண்டுவந்திருந்தாள். மூடியில் ஊற்றி நீட்டினாள். சூனியக் கதை இப்போது இல்லை. அவன் மிசினிலிருந்து கழன்று கொஞ்ச நேரம் தானாக மூச்சு விடுகிறான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தாலும் ஆறு மாதத்துக்குத் தூக்கி இருத்தவேண்டும், ஊட்டவேண்டும், துடைக்கவேண்டும்.

"நடந்ததை விடு. அவன் எழும்பி வந்தா நீ வீட்டை வரோணும், கௌரி. என்னாலை ஏலாது. இனி அவன் அப்பிடி இருக்கமாட்டான்."

"எப்பிடி, மச்சாள்?"

உதயகலா கோப்பியைப் பார்த்தாள்.

"நான் வரமாட்டன்," என்றாள் சிவகௌரி.

உதயகலா மூடியைத் திருப்பி வாங்கி, மிச்சக் கோப்பியைப் பூச்சட்டிக்குள் ஊற்றினாள். முகம் பழையபடி இறுகியது. "அப்ப என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் வாறாய்? கட்டிலிலை கிடக்கிறவனைப் பாத்து ஆசை தீரேல்லையோ?"

 சிவகௌரி தன்னைத்தானே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது உதயகலாவின் வாயிலிருந்து வந்ததுதான் சுட்டது.

ஏழாவது கிழமை. சுபாசின் தோள் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு டிலான் வலது கையைப் பிடித்து ஏதோ செய்துகொண்டிருந்தவன், பொறுங்கோ பொறுங்கோ என்றான். டொக்டர் நிஷானி வந்தார். உதயகலாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். டிலான் சிவகௌரியின் கையை வாங்கி, சுபாசின் உள்ளங்கைக்குக் கீழே விரித்து வைத்தான். அக்காவின் கையில் ஒருக்கா அமத்துங்கோ, அண்ணை, தெண்டிச்சுப் பாருங்கோ என்றான். எல்லாரும் அந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுபாசின் கழுத்தில் நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவனுடைய சுட்டுவிரல் அவளுடைய தோலில் கீறியது. மிக மெலிதாக, பூச்சி ஊர்வதுபோல.

உதயகலா கையெடுத்துக் கும்பிட்டாள். அதே நேரம் சிவகௌரியின் உடம்பு பின்னுக்குப் பாய்ந்தது. கதிரை சரிந்து விழுந்தது. அவள் சுவரோடு முட்டி நின்றபோது, தோள் இரண்டும் கழுத்துக்குள் போயிருந்தன. இடது கை மேலே போய்க் காதைப் பொத்தியிருந்தது. இது எதையும் அவள் செய்யவில்லை. உடம்பு அவளைக் கேட்காமலே செய்தது.

 டிலான் விழுந்த கதிரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். டொக்டருக்கு விளங்கியது. எதிர்பார்த்திருந்த பரிசோதனை முடிவு கையில் கிடைத்ததுபோல ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். உதயகலாவின் கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை, கௌரியையும் பார்க்கவில்லை, நிலத்தில் எதையோ தேடினாள். சுபாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். அவளை முழுசாக, சுவரோடு ஒட்டிக் குறுகி நின்ற அந்த வடிவத்தை, தலையைத் திருப்ப முடியாமல் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வருசத்தில் அவன் அதைத் தள்ளி நின்று பார்த்ததில்லை.

சிவகௌரி காதிலிருந்து கையை எடுத்தாள். கதிரையை நிமிர்த்தி வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு கட்டிலடிக்கு வந்தாள். குனியவில்லை. எல்லாரும் கேட்கத்தான் சொன்னாள்.

"உனக்குச் சுகம் வரும், சுபாஸ். டொக்டர் சொல்லீட்டா. நீ எழும்பி நடப்பாய். நான் அந்த வீட்டை வரமாட்டன். பிள்ளை உன்னைப் பாக்கோணும் எண்டு கேட்டா கூட்டிக்கொண்டு வருவன். கேக்காட்டி கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

துடிப்பு ஏறுகிறதா என்று தாதி மிசினைப் பார்த்தாள். தொண்ணூற்றாறில் நின்றது. உதயகலா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டொக்டர் அவளுடைய முழங்கையைத் தொட்டு, வெளியே கூட்டிக்கொண்டு போனார். டிலான் அட்டையில் எதையோ எழுதிவிட்டு மற்றக் கட்டிலுக்குப் போனான்.

சிவகௌரி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. மற்றக் கட்டில்களின் ஆட்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு அவளை உரசிக்கொண்டு வெளியேறினார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கட்டிலடியில் இப்போது ஒருவரும் இல்லை. சுபாஸ் முகட்டைப் பார்த்தபடி கிடந்தான். வெள்ளை விரிப்பின் மேலே அந்தச் சுட்டுவிரல் ஒரு நெல்மணி உயரத்துக்கு எழும்பியது. விழுந்தது. கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு திரும்பவும் எழும்பியது. அவளைக் கூப்பிடுகிறானா, போகச் சொல்கிறானா, இல்லை ஆரும் பார்க்காத நேரத்தில் அதைப் பழக்குகிறானா என்று தெரியவில்லை. வாட்டு வேலைக்கு நிற்கும் அற்றெண்டன் வந்து, அம்மா வெளியிலை நில்லுங்கோ, கதவைப் பூட்டவேணும் என்றான். விரல் எழும்பியது. விழுந்தது. எழும்பியது.